கோத்தகிரியில் கடல்நீர்த் தொட்டி: பச்சைத் தண்ணீர் தெளிந்த விதம்

புதுத் தொட்டியில் தண்ணீர் பால்போல் வெளுத்தால் பெரும்பாலும் அது பாக்டீரியா, தானாக அடங்கிவிடும். என்னுடையது பச்சை. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். அடியில் எதுவும் படியவில்லை, நிறமும் மாறவில்லை. அப்படியென்றால் மிதக்கும் நுண்பாசி. பஞ்சு ஃபில்டரில் இது சிக்காது.

டெஸ்ட் கிட்டில் பாசிக்கு உணவாகும் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே கூடுதல். குழாய்த் தண்ணீரைத் தனியாகச் சோதித்தேன், அதிலும் பாஸ்பேட். சரி, இனி ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கரைப்பது என்று முடிவு செய்தேன். அடர்த்தி 1.025, சூடு 25 டிகிரி வந்த பிறகே கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். இந்தக் குளிரில் வாளிக்கும் ஒரு ஹீட்டர் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இந்தச் செலவு கிடையாது.

அப்புறம் இருட்டு வைத்தியம். விளக்கை அணைத்து, தொட்டியைச் சுற்றிக் கெட்டிக் கம்பளி போர்த்தினேன். மூன்று நான்கு நாள் வெளிச்சமே படக்கூடாது. மழையில் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது என்பது கூடுதல் லாபம். பாசி சாகும்போது ஆக்சிஜன் குறையும். காற்றுப் பம்பையும் ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) நிறுத்தவே கூடாது. பவளம் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள், என்னிடம் கோமாளி மீன்கள் மட்டும்தான்.

கூடவே சிறிய யு.வி. விளக்கும் பொருத்தினேன். அதன் வழியே தண்ணீர் மெதுவாக ஓடினால்தான் பாசி சாகும். கம்பளியை எடுத்தபோது பின்னால் இருந்த பாறை தெளிவாகத் தெரிந்தது.

இப்போது தொட்டி விளக்கு தினமும் எட்டு மணி நேரம்தான். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கும், அதனால் குறைவதை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறேன்.