மலிவு மடக்குக் கத்தி: கடையிலேயே சோதித்து வாங்குவது எப்படி?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நடைபாதைக் கடையில் தொங்கும் 150 ரூபாய் மடக்குக் கத்தியும், 3,000 ரூபாய்க் கத்தியும் முதல் நாளில் எலுமிச்சையை ஒரே மாதிரிதான் அறுக்கும். தும்புக் கயிறு, உரச்சாக்குத் தையல், சொட்டுநீர்க் குழாய் என்று நாள்தோறும் வேலை கொடுத்தால்தான் எது தாங்கும் என்று தெரியும்.

சீனச் சரக்கு என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். அங்குள்ள யாங்ஜியாங் நகரில் குப்பையும் செய்கிறார்கள், நல்ல கத்தியும் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது அலகில் இரும்பின் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 3சிஆர்13 (3Cr13) போன்ற மென்மையான ரகம். இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 52 முதல் 55. கூர் சீக்கிரம் மடங்கும். 8சிஆர்13எம்ஓவி (8Cr13MoV) என்றிருந்து, பதமும் (சூடாக்கிக் குளிரவைத்து இரும்பைக் கடினமாக்குவது) ஒழுங்காக ஏறியிருந்தால் 57 முதல் 59 வரை வரும். தோட்ட வேலைக்குத் தாராளமாகப் போதும். சுவிஸ் விக்டோரினாக்ஸ் அலகே 56ஐ ஒட்டித்தான். அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு கடினத்துக்கு அல்ல. ஒவ்வொரு கத்தியிலும் ஒரே பதம், மெல்லிய அலகு, ஆட்டமில்லாத பொருத்தம் இவற்றுக்கு. மலிவுச் சரக்கில் அதே பெயர் பொறித்த இரண்டு கத்திகளே வேறு வேறாக இருக்கும். அதனால்தான் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

காந்தம் ஒட்டினால் மட்டம் என்று சிலர் சொல்வார்கள். கத்திக்கான ஸ்டெயின்லெஸ் அநேகமாக எல்லாமே காந்தத்தில் ஒட்டும். அந்தச் சோதனை வீண்.

முதலில் மடக்கிய நிலையில் பாருங்கள். அலகு கைப்பிடியின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு விரித்து, அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லேசான ஆட்டம் என்றால் மூட்டுத் திருகை முடுக்கினால் சரியாகும். பெரும்பாலும் டி8 (T8) அளவு நட்சத்திர முனைத் திருப்புளி பொருந்தும். மேலும் கீழும் ஆடினால் பூட்டே கோளாறு, வைத்துவிட்டு வாருங்கள். உள்தகடு நகர்ந்து பூட்டும் வகையில், அந்தத் தகடு அலகின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறி உட்கார வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால், அழுத்தும்போது நழுவி விரலில் மடங்கும். முதுகை அழுத்திச் சோதிக்கும்போது விரல்கள் அலகின் பாதையில் இருக்கக்கூடாது.

'டமாஸ்கஸ்' (பல இரும்பை அடுக்கி அடித்தது) என்று அலை அலையாகக் கோலம் போட்ட மலிவுக் கத்தி அநேகமாக மேலே பொறித்த படம்தான். அதற்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் கூர் நிற்கவில்லை என்று உடனே தூக்கிப் போட வேண்டாம். தொழிற்சாலையில் பெல்ட்டில் அவசரமாகத் தீட்டும்போது விளிம்பு மட்டும் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். 1000 கிரிட் (கல்லின் நைசு அளவு) தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை தீட்டினால் உள்ளே இருக்கும் நல்ல இரும்பு வெளியே வரும். பக்கத்துக்கு 20 பாகை சாய்வு போதும். அலகு 2 செ.மீ. அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். மறுபக்கம் முழுநீளத்துக்கும் பிசிறு கையில் தட்டும்வரை ஒரே பக்கம் தீட்டி, பிறகு திருப்புங்கள். பிசிறு வரும்முன்பே திருப்பிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கடைசியில் பழைய தோல் வாரில் முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு. இப்போது தும்புக் கயிற்றை இருபது தடவை அறுத்துவிட்டு, செய்தித்தாளைக் கீறிப் பாருங்கள். இழுத்துக் கிழித்தால் அந்த இரும்பு அவ்வளவுதான்.

சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம்.

டி2 (D2) என்று பொறித்த இரும்பு கூரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் அல்ல. வாழைச்சாறு பட்டால் கறுக்கும். உவரி, திசையன்விளைப் பக்கத்து உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். இலை அறுத்த கையோடு கழுவித் துடைக்க வேண்டும். மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

ஏத்தன் வாழைத்தார் வெட்ட, இளநீர் சீவ எந்த விலை மடக்குக் கத்தியும் உதவாது. அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லம்பட்டறையில் அடித்த அரிவாள்தான்.