வீட்டில் சேர்ந்து படிக்கும் நூலை வாங்குமுன்

குடும்பத்தோடு படிப்பதற்காக ஒரு நூலை வாங்க நினைத்தால், அட்டையையும் முன்னுரையையும் பார்த்து முடிவு செய்யாமல், நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் நடை பல நேரங்களில் நாவில் இடறும், அத்தகைய நூலைக் குழந்தைகள் இரண்டாம் நாளே கேட்க மறுத்துவிடுவார்கள்.

சமய நூல்களில் இன்னும் சற்று நிதானம் தேவை. மூலப் பாடல் அல்லது வசனம் எது, உரையாசிரியர் தம் கருத்தாகச் சேர்த்தது எது என்பது அச்சிலேயே பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் கலந்து கிடந்தால், ஒருவரின் விளக்கத்தையே மறைநூலின் சொல்லாகப் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொள்ள நேரிடும்.

குழந்தை வளர்ப்பு, உடல்நலம், வரவுசெலவு பற்றிய நூல்களுக்குப் பதிப்பு விவரப் பக்கமே முக்கியம். மறுபதிப்பு என்றால் பெரும்பாலும் பழைய உள்ளடக்கமே மீண்டும் அச்சாகியிருக்கும். திருத்திய பதிப்பு என்றிருந்தால்தான் செய்திகள் புதுப்பிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எனவே அண்மை ஆண்டைக் கண்டு ஏமாறாமல் முதற்பதிப்பின் ஆண்டையும் பாருங்கள். (சமையல் நூலுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.) ஐயமிருந்தால், நூலகத்தில் இரவல் பெற்று இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்து, யாரும் சொல்லாமலே அது எத்தனை முறை கையிலெடுக்கப்படுகிறது என்று கவனித்த பிறகு வாங்கலாம்.