“ஆபத்து 39% குறைந்தது” என்றால் என்ன? மருந்து ஆய்வு முடிவுகளை நாமே படித்துப் பார்க்கும் முறை

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கும் வீட்டில், ஒரு மருந்து ஆய்வைப் பற்றிய செய்தி வெறும் செய்தியாக நின்றுவிடுவதில்லை. “புதிய மருந்து ஆபத்தை 39% குறைக்கிறது” என்று படித்த அன்றே “நமக்கும் இது கிடைக்குமா?” என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்கான பதில் தலைப்பில் இருக்காது, ஆய்வின் சுருக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாத அந்தச் சுருக்கத்தைத் தாள், பேனா, கால்குலேட்டர் சகிதம் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.

முதலில் மூலத்தைத் தேடி எடுங்கள்

செய்தியில் மருந்தின் பெயரோ ஆய்வின் சுருக்கப்பெயரோ இருக்கும். அதை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) தளத்தில் போட்டால் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். அதன் கடைசி வரியில் பெரும்பாலும் “என்.சி.டி.” (NCT) என்று தொடங்கி 8 இலக்கங்களோடு ஒரு பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் பதிவேட்டில் தேடினால், ஆய்வு தொடங்கும்போது எதை அளக்கப் போவதாகச் சொன்னார்கள், பிறகு அதை மாற்றினார்களா என்பது தேதியோடு தெரியும். முடிவு வெளிவரும் சமயத்தில் முதன்மை இலக்கே மாறியிருந்தால் அந்த ஆய்வை நம்புவதற்கு முன் காரணத்தைத் தேடிப் பாருங்கள்.

எந்தக் கட்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பைப் பார்ப்பார்கள், இரண்டாம் கட்டத்தில் அளவைத் தேடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது பொதுவாக மூன்றாம் கட்டத்தில்தான். எலியிலோ முதல் கட்டத்திலோ இருக்கும் மருந்தைப் பற்றிய செய்தியை வைத்து இன்றைய சிகிச்சையில் எதையும் மாற்ற முடியாது.

ஐந்து வரி எழுதுங்கள்

யாருக்கு, எதை, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம், எதை எண்ணினார்கள் என்று ஐந்து வரி. தலைப்பில் சொன்ன 39% டாபா-சிகேடி என்ற ஆய்விலிருந்து வந்தது. 2020-ல் வெளியான அதை இப்படி எழுதலாம்:

யாருக்கு: நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள 4,304 பேர். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 25 முதல் 75 வரை. சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்பதைக் காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 200 முதல் 5,000 வரை (மி.கி./கிராம்).
எதை: டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., தினம் ஒன்று.
எதோடு ஒப்பிட்டு: மருந்தே இல்லாத போலி மாத்திரை. கிட்டத்தட்ட எல்லோரும் சிறுநீரகத்தைக் காக்கும் வழக்கமான இரத்த அழுத்த மருந்தையும் சாப்பிட்டார்கள்.
எவ்வளவு காலம்: இடைநிலையாக 2.4 ஆண்டு.
எதை எண்ணினார்கள்: இஜிஎஃப்ஆர் 50% அல்லது அதற்கு மேல் சரிந்து அப்படியே நிற்பது, சிறுநீரகம் முழுமையாகச் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய-இரத்தநாளக் காரணத்தால் மரணம்.

இவற்றில் முதல் வரியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் அதிக நேரம் செலவிட வேண்டியது அங்கேதான். இந்த ஆய்வில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. அதனால் சர்க்கரை இல்லாதவர்களும் இதைத் தங்களுக்கான தகவலாக எடுத்துக்கொள்ளலாம். முதல் வகைச் சர்க்கரை நோய், நீர்க்கட்டிச் சிறுநீரகம், லூபஸ் சிறுநீரக அழற்சி உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களைப் பற்றி இந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. உங்கள் ஆய்வகச் சீட்டை எடுத்து, உங்கள் இஜிஎஃப்ஆரும் சிறுநீர் ஆல்புமினும் அந்த எல்லைக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். சீட்டில் ஆல்புமின் அளவே இல்லையென்றால் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

டாபா-சிகேடியில் இரு குழுவிலும் 2,152 பேர். மருந்துக் குழுவில் 197 பேருக்கும் போலி மாத்திரைக் குழுவில் 312 பேருக்கும் முதன்மை நிகழ்வு, அதாவது ஐந்தாம் வரியில் எழுதியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது. வகுத்தால் 9.2%, 14.5%.

கழித்தால் 5.3. நூறு பேர் சுமார் இரண்டரை ஆண்டு சாப்பிட்டால் ஐந்து பேருக்கு மேல் அந்தக் கதியிலிருந்து தப்புகிறார்கள். 100-ஐ 5.3 ஆல் வகுத்தால் சுமார் 19, அதாவது ஒருவரைக் காக்க 19 பேர் சாப்பிட வேண்டும். நாள்பட்ட நோய் மருந்துகளில் இது மிக நல்ல எண். மொத்த மரணங்களும் 146-லிருந்து 101 ஆகக் குறைந்தன.

தலைப்பின் 39% அபாய விகிதத்திலிருந்து வருகிறது. இரு குழுவிலும் நிகழ்வு நேரும் வேகத்தை ஒப்பிடும் எண் அது. இங்கே அது 0.61, அதை 1-லிருந்து கழித்தால் 0.39. இந்த 39% பொய் இல்லை. ஆனால் அந்தக் குறைவு உங்களுக்கு எவ்வளவு பெரியது என்பது, மருந்து இல்லாமல் உங்களுக்கு இருக்கும் ஆபத்தைப் பொறுத்தது. ஒருவருக்கு அதே காலத்தில் 14.5% ஆபத்துக்குப் பதில் 3% ஆபத்துதான் என்று வையுங்கள். அதே 39% குறைவு அவருக்கும் பொருந்தினால் லாபம் 1.2 அளவுதான், 19 பேர் என்பது சுமார் 85 பேர் ஆகிவிடும். ஒரே மருந்து, ஒரே சதவீதம், ஆனால் முடிவெடுக்க வேண்டிய நிலை வேறு. உங்கள் அடிப்படை ஆபத்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்காமல் இந்தக் கணக்கு முடியாது.

அபாய விகிதத்தின் பக்கத்தில் இருக்கும் 95% நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதையும் எழுதுங்கள். டாபா-சிகேடியில் அது 0.51 முதல் 0.72 வரை. இரண்டு முனையும் 1-க்குக் கீழே இருப்பதால் பலன் உறுதி. ஒரு முனை 1-ஐத் தாண்டினால் பலன் நிரூபணமாகவில்லை.

எதை எண்ணினார்கள் என்பதில் நடக்கும் குழப்பம்

பெரிய ஆய்வுகள் பல நிகழ்வுகளை ஒன்றாகக் கட்டி ஒரே இலக்காக எண்ணுகின்றன. 2023-ல் வெளியான செலக்ட் ஆய்வில், எடை அதிகமாகவும் ஏற்கெனவே இதய-இரத்தநாள நோயோடும் இருந்த, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர். வாரம் ஒருமுறை செமாகுளூடைடு 2.4 மி.கி. ஊசி. இதய-இரத்தநாள மரணம், உயிர் போகாத மாரடைப்பு, உயிர் போகாத பக்கவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 8.0%-லிருந்து 6.5% ஆனது. “20% குறைவு” என்ற தலைப்பு அங்கிருந்து வந்தது. கழித்தால் 1.5, சராசரியாக 40 மாதத்துக்கு ஒருவரைக் காக்கச் சுமார் 67 பேர்.

இதை “மாரடைப்பு மரணம் குறைந்தது” என்று எழுதினால் தவறு. இதய-இரத்தநாள மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் 3.0%-க்கு எதிராக 2.5%, அபாய விகிதத்தின் நம்பக இடைவெளி 0.71 முதல் 1.01 வரை. மேல்முனை 1-ஐத் தொட்டுத் தாண்டுகிறது. கூட்டு இலக்கு வென்றால் அதன் ஒவ்வொரு உறுப்பும் வென்றதாக ஆகாது. அட்டவணையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே படியுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி, நோயாளிக்கு நேர்வதை எண்ணாமல் ஆய்வகச் சீட்டில் வரும் எண்ணை மட்டும் இலக்காக வைப்பது. டார்செட்ராபிப் என்ற மருந்து “நல்ல கொழுப்பு” என்று சொல்லப்படும் எச்டிஎல்லை 70%-க்கு மேல் உயர்த்தியது. ஆனால் சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களிடையே 93 பேரும் சாப்பிடாத குழுவில் 59 பேரும் இறந்தார்கள். 2006 டிசம்பரில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 2008-ல் வெளியான அக்கார்டு ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக மருந்து கொடுத்த குழுவில் 257 மரணம், வழக்கமான குழுவில் 203. எண் அழகாக இறங்கியது, ஆட்கள் அதிகமாக இறந்தார்கள். அதனால் “எச்பிஏ1சி குறைந்தது”, “கொழுப்பு குறைந்தது” என்று மட்டும் சொல்லும் ஆய்வைப் பார்த்தால், மாரடைப்பையும் டயாலிசிஸையும் மரணத்தையும் எண்ணினார்களா என்று தேடுங்கள்.

பாதிப்புக்கும் அதே கணக்கு

பலனைச் சதவீதக் குறைவாகவும் பக்க விளைவை “பொதுவாகத் தாங்கக்கூடியது” என்றும் எழுதுவது செய்திகளின் பழக்கம். இரண்டையும் ஒரே அளவுகோலில் வையுங்கள். செலக்டில் பக்க விளைவால் மருந்தை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் 16.6%, போலி ஊசிக் குழுவில் 8.2%. வித்தியாசம் 8.4, அதாவது சுமார் 12 பேருக்கு ஒருவர் மருந்தின் காரணமாகவே விட்டுவிட்டார். பெரும்பாலும் வயிற்றுத் தொல்லை. இதனால் அந்த மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது, ஆனால் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பு மருந்தில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே சாப்பிடுகிறவர் நோயாளியே இல்லை. 2018-ல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களில் ஒரு பாதியினர் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிட்டார்கள். இதய-இரத்தநாள நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய இரத்தக்கசிவு 2.8%-லிருந்து 3.8% ஆனது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது வேறு விஷயம். அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆய்வின் கட்டுமானத்தில் எங்கே விரிசல் விழும்

போலி மருந்து உண்மையிலேயே வெறுமையானதா? 2018-ல் ரெடியூஸ்-ஐடி ஆய்வில் ஒரு மீன் எண்ணெய் மருந்து இதய-இரத்தநாள நிகழ்வுகளில் 25% பலன் காட்டியது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்தது கனிம எண்ணெய், அந்தக் குழுவில் கெட்ட கொழுப்பு சுமார் 10% ஏறியது, அதனால் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரிந்திருக்கலாம். 2020-ல் ஸ்ட்ரெங்த் ஆய்வில் சற்று வேறான ஒமேகா-3 மருந்தைச் சோள எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். அபாய விகிதம் 0.99, பலன் இல்லை. மருந்துகள் ஒன்றல்ல என்பதால் வாதம் முடிந்துவிடவில்லை. என்றாலும் ஒரே ஒரு ஆய்வை வைத்து மீன் எண்ணெய் வாங்க ஓட வேண்டாம்.

குலுக்கல் ஒழுங்காக நடந்ததா? மத்தியதரைக்கடல் உணவு முறையைச் சோதித்த ப்ரெடிமெட் 2013-ல் வெளியாகி, 2018-ல் திரும்பப் பெறப்பட்டுத் திருத்தத்துடன் மறுபடி வெளியானது. ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவருக்குக் குலுக்காமலே அதே உணவு முறையைக் கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் ஆட்களுக்குப் பதில் மருத்துவமனையையே மொத்தமாக ஒதுக்கியிருந்தார்கள்.

குலுக்கலுக்கு முன்பே வடிகட்டினார்களா? பாராடைம்-எச்எஃப் என்ற இதயச் செயலிழப்பு ஆய்வில் எல்லோருக்கும் முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடங்கிய சுமார் 10,500 பேரில் ஏறக்குறைய 2,000 பேர் அங்கேயே கழன்றுவிட்டார்கள். இப்படித் தாங்கியவர்களை மட்டும் எண்ணும் ஆய்வில் பக்க விளைவு குறைவாகத்தான் தெரியும்.

எப்படி அளந்தார்கள்? 2015-ன் ஸ்ப்ரின்ட் ஆய்வுதான் மேல் இரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவந்தால் நல்லது என்று காட்டியது. அங்கே நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். மாடிப்படி ஏறி வந்ததும் பேசிக்கொண்டே அளக்கும் 130-ம் அந்த முறையில் வரும் 130-ம் ஒன்றல்ல. இதைக் கவனிக்காமல் 120-ஐத் துரத்தினால் தேவைக்கு மேல் மருந்து ஏறி, எழுந்ததும் தலை சுற்றி விழும் அபாயம் உண்டு. தீவிரக் குழுவுக்குச் சராசரியாக 2.8 மருந்துகள் தேவைப்பட்டன, மற்றதற்கு 1.8. கடுமையான திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 2.5%-லிருந்து 4.1% ஆனது. சர்க்கரை நோயாளிகளும் முன்பு பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. மேலும் பலன் தெரிந்ததும் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தும் ஆய்வுகள் பலனைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு.

உணவு, உடற்பயிற்சி ஆய்வுகள்

இவற்றில் “எதை” என்ற வரியை மிக விரிவாக எழுதுங்கள். டிபிபி என்ற சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் (2002, 3,234 பேர்) வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வருவதை 58% குறைத்தது, மெட்ஃபார்மின் மாத்திரை 31%. ஆனால் அந்த “வாழ்க்கைமுறை மாற்றம்” மருத்துவர் சொல்லும் “நடங்க, குறைச்சுச் சாப்பிடுங்க” இல்லை. எடையில் 7% குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கு, முதல் ஆறு மாதத்தில் ஒருவருக்கு ஒருவராக 16 வகுப்புகள். அந்தத் துணை இல்லாமல் அதே பலனை எதிர்பார்த்துவிட்டு, வராதபோது நோயாளியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

டைரெக்ட் ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 306 பேர். ஒரு குழுவுக்குத் தினம் 825 முதல் 853 கிலோகலோரி வரையிலான திரவ உணவு, 3 முதல் 5 மாதம். ஓராண்டில் அவர்களில் 46% பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் தணிந்தது, மற்ற குழுவில் 4%. அவர்கள் எல்லோரும் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், மாத்திரையை மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் நிறுத்தியவர்கள். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் தானாக இதை முயன்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மருத்துவரிடம் போகும்போது

ஐந்து வரியையும் கணக்கையும் எழுதிய தாளோடு, கடைசி ஆய்வகச் சீட்டும் இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும் அளவோடு இருக்கட்டும். கேட்க வேண்டியவை: இந்த ஆய்வில் இருந்தவர்களைப் போல நான் இருக்கிறேனா? மருந்து இல்லாமல் அடுத்த சில ஆண்டுகளில் என் ஆபத்து எவ்வளவு? தொடங்கினால் எந்தப் பரிசோதனையை எத்தனை வாரத்தில் திரும்பச் செய்ய வேண்டும்? இப்போதைய மருந்தில் எதன் அளவைக் குறைக்க வேண்டும்?

எவ்வளவு காலம் எடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். சர்மவுன்ட்-4 ஆய்வில் 36 வாரம் எல்லோருக்கும் எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசி போட்டார்கள், சராசரியாக 20.9% எடை குறைந்தது. அதன்பின் ஒரு பாதியினரைப் போலி ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த 52 வாரத்தில் அவர்களுக்கு எடை 14% திரும்ப ஏறியது. ஊசியைத் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5% குறைந்தது.