ஒரு சுற்றில் இரண்டு முறை கனத்த ஸ்டீயரிங்

என் ஸ்போர்ட்ஸ் காரில் ஹைட்ராலிக் பம்பை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் தண்டிலேயே மோட்டார் உள்ள எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் பொருத்தினேன். மெதுவாகத் திருப்பினால் லேசாக இருக்கும், சட்டென்று கனக்கும், மறுபடி லேசாகும்.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். மோட்டார் இழுக்கும்போது கன்ட்ரோலர் கனெக்டரிலேயே அளந்தேன். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. எர்த் ஒயரைத் தடிமனாக்கியும் பலனில்லை. வேக சிக்னல், வீல் அலைன்மென்ட் எல்லாம் சரி.

அப்புறம் ஸ்டீயரிங் வீலில் டேப் ஒட்டி, கனக்கும் இடங்களைக் குறித்தேன். முழுச் சுற்றுக்கு இரண்டு தடவை, 180 டிகிரி இடைவெளியில்! அது யுனிவர்சல் ஜாயின்ட்டின் (ஒன்றுக்கொன்று சாய்ந்த இரு தண்டுகளை இணைக்கும் மூட்டு) அடையாளம். கோணத்தில் சுழலும் ஜாயின்ட்டில் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும்; கனமும் அதோடு மாறும். என் காரில் ஸ்டீயரிங் தண்டையும் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையும் இணைக்கும் நடுத் தண்டின் மேலும் கீழும் இப்படி ஒரு ஜாயின்ட்; இரண்டின் வளைவும் ஒரே தளத்தில், ஏறக்குறைய சம கோணத்தில் இருக்கிறது. அதனால் நடுத் தண்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் Y வடிவ முனைகள்) ஒரே நேரில் நின்றால் ஒன்றை இன்னொன்று ஈடுகட்டிவிடும். நீளம் குறைத்து வெல்டிங் செய்து வந்த தண்டில் அவை 90 டிகிரி விலகியிருந்தன. ஹைட்ராலிக்கில் உதவி விசை ஜாயின்ட்டுகளைத் தாண்டி ரேக்கில்தான் சேரும்; இதில் மோட்டாரின் விசை முழுவதும் அவற்றின் வழியே போகிறது.

அந்தத் தண்டையே வெட்டி ஒட்ட மனம் வரவில்லை, ஸ்டீயரிங் ஆயிற்றே. கவைகள் நேராக அமைந்த புதுத் தண்டு போட்டேன். இப்போது முழுச் சுற்றும் ஒரே சீராக இருக்கிறது.