கீமோ நடக்கும் வீட்டில் கணவன்மார் செய்யும் தவறுகள்

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே நான் ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் வாங்கினேன். வீடு மலேசியாவின் பினாங்கில், கரைப்பக்கம் பட்டர்வொர்த்தில். வேலை பாலத்துக்கு அந்தப்பக்கம் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், சிகிச்சையும் தீவில். மருந்து நேரம், ஊசித் தேதி, பிள்ளைகளின் டியூஷன், யார் யார் பார்க்க வரலாம் என்பதுவரை அதில் எழுதி வைத்தேன். இன்று புரட்டிப் பார்த்தால், முதல் இரண்டு மாதத்தில் அவளைக் கேட்டு எழுதியது ஒரு வரிகூட இல்லை. நான் செய்த தவறுகளில் பாதிக்குமேல் அங்கிருந்துதான் கிளம்பின.

காய்ச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதில் நேரம் கிடைக்காது. கீமோ என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள், கிருமியோடு போராடும் இரத்த வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் உடம்பு 38 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். நாம் என்ன செய்வோம்? நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு பனடோல் (காய்ச்சல் மாத்திரை) கொடுத்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்போம். நானும் அதைத்தான் செய்தேன். பனடோல் சூட்டை மறைக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. விடிகாலை மூன்று மணிக்கு, போர்வையோடு நடுங்கிக்கொண்டிருந்தவளைக் காரில் ஏற்றிப் பாலத்தைக் கடக்கும்போது சொன்னாள்: "சாயங்காலமே குளிரா இருந்துச்சுங்க. நீங்க அசதியா இருந்தீங்கன்னு சொல்லல."

அதனால் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். மாத்திரை கொடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி கொடுத்த எண்ணுக்கு அடியுங்கள். எமர்ஜென்சி கவுண்டரில் வரலாறெல்லாம் வேண்டாம், "பெசாகிட் கீமோ, டெமாம்" (கீமோ நோயாளி, காய்ச்சல்) என்று மலாயில் சொல்வதுதான் முதல் வார்த்தையாக இருக்கவேண்டும். அடுத்தது கடைசி ஊசித் தேதி. நம் ஊரில் காய்ச்சல் என்றால் உடனே டெங்கியா என்று யோசிப்போம். அதையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் பார்க்கவேண்டாம்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் தவறு நடந்தது. பினாங்கில் இருந்துகொண்டு வாயைக் கட்டுவது லேசா? கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் பாதி வெந்த கெராங் சிப்பி, வேகாத தவுகே (முளைப்பயறு), எப்போது வெட்டினார்களோ தெரியாத பழம் போட்ட ரோஜாக் கலவை. அணுக்கள் குறைந்திருக்கும் நாளில் இதெல்லாம் கூடாது. அதுவரை சரி. நான் அதோடு நிறுத்தாமல், யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சீனி, கோழி, மீன் எல்லாவற்றையும் தடை செய்து மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன். சீனியை நிறுத்திப் புற்றுநோயைப் பட்டினி போட முடியாது, பட்டினி கிடப்பது அவள்தான். எடை இறங்கியதைப் பார்த்து டயட்டீஷியன் என்னைத்தான் திட்டினார். முட்டையும் மீனும் நன்றாக வெந்திருந்தால் போதும், அந்தப் புரதம் உடம்புக்குத் தேவை. வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள், எங்களுக்கு அது உதவியது.

சபா ஸ்னேக் கிராஸ் என்ற மூலிகை இலையைப் பச்சை ஆப்பிளோடு அரைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று சொல்லாத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. அடுத்தது டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம். மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று இரண்டுமே நிரூபிக்கப்படவில்லை. கீமோ மருந்து பலவற்றை உடம்பிலிருந்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கு. அந்த நேரத்தில் அதன் தலையில் இன்னொன்றையும் ஏற்றுவது ஆபத்து. பம்பளிமாஸ் பழம்கூடச் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கோபப்படுவார் என்று பயந்து நான் ஒரு மாதம் மறைத்தேன். கடைசியில் அவர் கோபப்படவே இல்லை, எத்தனை டம்ளர் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பிள்ளைகளிடம் 'அம்மாவுக்கு வயிற்று வலி' என்று சொல்லி வைத்திருந்தோம். பள்ளி வேனில் ஒரு பையன் விஷயத்தை உடைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்பது வயது மகள் அம்மா குடித்த கப்பைத் தொடுவதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். தொற்றாது, யாருடைய தப்பும் இல்லை, நாளைக்கு யார் உன்னைக் கூட்டிப்போக வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைக்குக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னாள். கூட்டம், கிருமி, முடியவே முடியாது என்று நான் கத்தினேன். அவள் டாக்டரையே கேட்டாள். இரத்த எண்ணிக்கை நன்றாக இருக்கும் வாரத்தில், கூட்டம் இல்லாத ஒரு காலைப்பொழுதில், முகக்கவசத்தோடு போகலாம் என்றார். அப்படியே போய்வந்தோம்.

காசு விஷயம் சுருக்கமாக. கேடபிள்யுஎஸ்பி (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து கணவன் அல்லது மனைவியின் கடுமையான நோய்ச் செலவுக்குப் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம், புற்றுநோய் அந்தப் பட்டியலில் உண்டு. வருமான வரியிலும் இந்தச் செலவுக்குக் கழிவு இருக்கிறது. ஆனால் பார்மசி ரசீதுகள் சூட்டில் அச்சடிப்பவை, சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். எனக்கு ஒரு பை நிறைய வெள்ளைத் தாள்கள் மிஞ்சின.

இன்னொன்று. கையில் இருந்த வேலையையெல்லாம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். சமையல், துணி மடிப்பது, மளிகைப் பட்டியல் எல்லாம். "நீ படு, நான் பாக்கிறேன்" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சே இல்லை. நான்காவது ஊசிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பலுக்கு நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் கிள்ளி வைத்திருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"குடல எடுக்கவே இல்லையே. இத்தன நாளா இப்படித்தான் பிள்ளைங்களுக்குப் போட்டீங்களா?"

முழுத் தட்டையும் மறுபடி முதலிலிருந்து கிள்ள வைத்தாள்.