நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்: காசைக் கரியாக்கும் தவறுகள்

தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடிகாலையில் பெங்களூரு வண்டி ஏறுகிற இளவட்டங்களில் கழுத்தில் ஹெட்போன் தொங்காதவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை, வாடகை அறையில் டி.என்.பி.எஸ்.சி. படிப்பு என்று ஆள் மாறினாலும் எல்லோருக்கும் வேண்டியது இரைச்சலிலிருந்து கொஞ்சம் விடுதலை. வெளிச் சத்தத்தைக் குறைக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன் என்று வாங்குகிறார்கள். ஒரே மாதத்தில் "சும்மா விளம்பரம்ங்க, ஒண்ணும் குறையல" என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பொருளில் பெரும்பாலும் பழுது இருக்காது. தேர்ந்தெடுத்த விதத்திலோ, மாட்டிய விதத்திலோதான் கோளாறு.

நிறத்தைப் பார்த்து வாங்குவது, தள்ளுபடிக்கு மயங்குவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விவரமானவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் பார்க்கலாம்.

இ.என்.சி.யை ஏ.என்.சி. என்று நம்புவது

"அண்ணா, இதுல நாய்ஸ் கேன்சலிங் இருக்கா?"

"இருக்குப்பா. டப்பாலயே போட்டிருக்கு பாரு, இ.என்.சி."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் இ.என்.சி. உங்கள் காதுக்கானது இல்லை. நீங்கள் போனில் பேசும்போது மைக்கில் விழும் பின்னணிச் சத்தத்தைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக அனுப்பும் வேலை அது. பஸ் இரைச்சல் உங்களுக்கு அப்படியேதான் கேட்கும். காசு உங்களுடையது, சுகம் அவருடையது. 'பாசிவ் நாய்ஸ் கேன்சலேஷன்' என்று போட்டிருந்தால் அது இன்னும் எளிமை: மெத்தை காதை மூடுகிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது ஏ.என்.சி., அதாவது 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்' என்று 'ஆக்டிவ்' என்ற சொல்லோடு வருவது. டப்பாவை வைத்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏ.என்.சி. மின்சாரம் தின்னும். அதனால் அது உண்மையிலேயே இருக்கும் ஹெட்போனுக்கு, ஏ.என்.சி. போட்டால் இத்தனை மணி நேரம், அணைத்தால் இத்தனை மணி நேரம் என்று இரண்டு பேட்டரிக் கணக்கு இருக்கும். ஒரே எண்தான் போட்டிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு பொருளைக் கையில் எடுத்து, ஏ.என்.சி.யை ஏற்றி அணைக்கத் தனி பட்டன் இருக்கிறதா, காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் மைக் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஹைப்ரிட்' வகையில் கிண்ணத்துக்கு உள்ளேயும், வலைத்துணிக்குப் பின்னால், ஒரு மைக் உண்டு. உள் மைக் உங்கள் காதில் உண்மையில் எவ்வளவு சத்தம் மிஞ்சுகிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். முடிந்தால் ஹைப்ரிட் வகையையே வாங்குங்கள். இன்று நாலைந்தாயிரத்திலேயே கிடைக்கிறது.

டெசிபல் எண்ணில் மயங்குவது

'50 டெசிபல் வரை' சத்தம் குறையும் என்று போட்டிருப்பதில் கவனிக்க வேண்டியது 'வரை'யைத்தான். ஏதோ ஒரு அலைவரிசையில், ஆய்வகத்தில், சரியாகப் பொருத்திய நிலையில் கிடைத்த உச்சம் அது. எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குக் குறையாது.

ஏ.என்.சி. செய்வது, வரும் ஒலிக்கு நேர் எதிரான ஒலியை அதே நேரத்தில் எழுப்பி இரண்டையும் மோதவிடுவது. இந்த யோசனைக்கு அமெரிக்காவில் 1936-லேயே காப்புரிமை கொடுத்தாயிற்று. சிப் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, இயற்பியல் மாறவில்லை. ஒலியின் வீச்சைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, அதாவது 20 டெசிபல் இறக்க, எதிர் ஒலியின் நேரம் ஓர் அலையில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குக்கு மேல் பிசகக்கூடாது. 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு நூறு அதிர்வு) உறுமலில் அந்தப் பிசகு ஒலி சுமார் 57 மில்லிமீட்டர் கடக்கும் நேரம், தாராளமான இடம். 1000 ஹெர்ட்ஸில் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. 5000 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.என்.சி. கைவிரித்துவிடும், அங்கே மெத்தையும் கிண்ணமும்தான் தடுப்பு.

பஸ்ஸில் இதைக் கேட்டே புரிந்துகொள்ளலாம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்று உறுமும்போது அடிப்படை ஒலி 30 ஹெர்ட்ஸ். 1800 சுற்றில் 90. தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து ஏறும்போது 100-ஐத் தாண்டும். எல்லாம் ஏ.என்.சி. நன்றாக விழுங்கும் பகுதி. கண்டக்டரின் விசிலோ 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அது கேட்கத்தான் செய்யும். திடீரென்று அடிக்கும் ஏர்ஹாரனும் கேட்கும்.

பேச்சும் இப்படித்தான். குரலின் அடிநாதம் குறையும். சொல்லைப் பிரித்துக் காட்டும் ச, ட, க போன்ற மெய்யொலிகள் மேலே இருப்பதால் தப்பித்து வந்துவிடும். அதைவிட எரிச்சல், எஞ்சின் உறுமல் அடங்கியதும் பின் சீட்டுக்காரர் குடும்பக் கதை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். படிக்கிறவர்கள் ஏ.என்.சி.யோடு மழைச் சத்தத்தையோ வார்த்தை இல்லாத இசையையோ மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டால் அந்தப் பேச்சும் கரைந்துவிடும்.

மெத்தை ஒட்டாத ஹெட்போனுக்கு இருபதாயிரம் கொடுப்பது

இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஐந்தாயிரத்துக்கு வாங்குவார், சரியில்லை என்பார். 'சீப்பா வாங்கினதுதான் தப்பு' என்று தவணையில் இருபத்தையாயிரத்துக்கு அடுத்ததை வாங்குவார். அதுவும் சரியில்லை என்பார். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் மாட்டியிருப்பது அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடிக் காம்பு.

காதைச் சுற்றி மெத்தை முழு வட்டமாக ஒட்ட வேண்டும். கேஸ்கட் தேய்ந்த குக்கர் எவ்வளவு விலையானாலும் விசில் வராது, அதே கதைதான். ஓர் இடைவெளி விழுந்தால் இரண்டு வழியில் கெடுகிறது. வெளி உறுமல் அந்த இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. உள்ளே ஸ்பீக்கர் எழுப்பும் எதிர் ஒலி அதே இடுக்கு வழியாக வெளியே போய்விடுகிறது. மேல்ஸ்தாயி ஒலிகளுக்குச் சின்ன இடுக்கு பெரிய வழி இல்லை, கீழ்ஸ்தாயிக்குத்தான் அது திறந்த கதவு. ஆக, ஏ.என்.சி. எதற்காக இருக்கிறதோ சரியாக அந்தப் பகுதிதான் பாழாகிறது. பாட்டில் பேஸ் சன்னமாகிவிட்டது என்று ஈக்குவலைசரில் ஏற்றுகிறீர்களா? முதலில் மெத்தையைப் பாருங்கள்.

வாங்குமுன் சோதிக்கும் முறை இதுதான். போனில் 'பஸ் சத்தம்' வீடியோவை ஓடவிட்டுச் சோதிப்பது வீண், போன் ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்பவே முடியாது. கடையின் ஏ.சி. அல்லது பெரிய மின்விசிறி அருகே, காற்று நேராக அடிக்காத இடத்தில் நில்லுங்கள். பாட்டு வேண்டாம். ஏ.என்.சி.யை அணைத்துப் பத்து விநாடி, போட்டுப் பத்து விநாடி கேளுங்கள். பிறகு போட்டபடியே இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்லத் தலையோடு அழுத்துங்கள். உறுமல் இன்னும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அடுத்து, குனிந்து போன் பார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்துங்கள், மென்று பாருங்கள், கழுத்தைத் திருப்புங்கள். அப்போது உறுமல் திரும்பி வந்தால், காதுமடலுக்குக் கீழே தாடை சேரும் பள்ளத்தில் மெத்தை தூக்குகிறது. ஒல்லியான முகத்துக்கு அடிக்கடி ஒழுகும் இடம் அது. தலைப்பட்டையைக் கூட்டிக் குறைத்தும் நிற்கவில்லையா, அந்த மாடல் உங்கள் தலைக்கு இல்லை. எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை சோதிக்க வேண்டும். மெல்லிய உலோகக் காம்பு பெரிய சேதம் செய்யாது. தடித்த பிளாஸ்டிக் காம்புதான் மெத்தையை இரண்டு பக்கமும் தூக்கிவிடும். கடினமான மெத்தையைவிட, விரலால் அழுத்தினால் மெதுவாக மீண்டு வரும் மெமரி ஃபோம் மெத்தை காம்பைச் சுற்றி அமுங்கும். ஜிமிக்கி, மாட்டல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பின்னலோ கிருதா முடியோ மெத்தைக்கு அடியில் சிக்காமல் விலக்கி மாட்டுங்கள். துப்பட்டாவோ மஃப்ளரோ இடையில் வந்தாலும் ஒழுகல்தான்.

காது மெத்தைக்கு உள்ளே அடங்க வேண்டும், மெத்தை காதின்மேல் உட்காரக்கூடாது. வீட்டிலேயே ஸ்கேல் வைத்துக் காதின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 6 செ.மீ.யை ஒட்டி வரும். மெத்தையின் உள்துளை அதைவிடச் சிறியதாக இருந்தால், டப்பாவில் 'ஓவர் இயர்' என்று இருந்தாலும் உங்களுக்கு அது 'ஆன் இயர்'தான்.

இன்னொரு அநியாயம், வியர்வைக்காக என்று விற்கும் துணி உறை. காசு கொடுத்து நாமே ஒழுகலைப் போட்டுக்கொள்வது.

ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு ஏ.என்.சி.யைத் திட்டுவது

நம்மூர் பஸ்களில் ஜன்னல் திறந்துதான் இருக்கும். என்.எச். 44-இல் வண்டி வேகமெடுத்ததும் காற்று நேராக வெளி மைக்கில் அறையும். மைக் அதையும் சத்தமென்று எண்ணி எதிர் ஒலி எழுப்ப, 'புர்ர்' என்று ஒரு புதுச் சத்தம் காதுக்குள் பிறக்கும். ஹெட்போனுக்கான போன் செயலியில் 'விண்ட் நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருந்தால் போடுங்கள். வெளி மைக்கின் பங்கை அது குறைக்கும், கூடவே ஏ.என்.சி.யின் வலுவும் கொஞ்சம் குறையும். அந்த வசதி இல்லையென்றால் உள்பக்க சீட்டுக்கு மாறுவதே வழி.

வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போது 'டப்' என்று ஒரு ஒலி வருகிறதா? மெத்தை ஒரு கணம் அமுங்கி விரிவதில் உள்ளே காற்றழுத்தம் மாறி, உள் மைக் திணறுகிறது. விலை குறைந்தவற்றில் அதிகம். பழுது இல்லை.

ஒருக்களித்துப் படுத்துக் கேட்க வாங்குவது

தலையணை கிண்ணத்தைத் தள்ளும், ஒட்டு விடும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு நுரை இயர்பிளக் போதும்.

பட்டறையில் மாட்டிக்கொள்வது

கிரானைட் அறுக்கும் இடத்திலும் கிரைண்டிங் இடத்திலும் பாட்டு ஹெட்போன் பாதுகாப்புக் கருவி ஆகாது. சான்று பெற்ற, எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று காட்டும் என்.ஆர்.ஆர். மதிப்பு அச்சிட்ட இயர்மஃப் வேண்டும்.

பைக்கில் போட்டுக்கொண்டு போவது

வேண்டாம்.

எல்.டி.ஏ.சி.க்குக் கூடுதல் காசு

ஐபோன் வைத்திருக்கிறீர்களா? அதில், புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் முறையான எல்.டி.ஏ.சி. ஓடாது. ஆண்ட்ராய்டாக இருந்தாலும் பஸ்ஸில் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஒலியைக் குறைக்க மறப்பது

பழைய பழக்கத்தில் எண்பது சதவீதத்திலேயே வைத்துக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். உறுமல் அடங்கியபின் பாதி ஒலியிலேயே பாட்டின் நுணுக்கமெல்லாம் கேட்கும்; ஏ.என்.சி.யின் பெரிய லாபமே அதுதான்.

பில் இல்லாமல், சர்வீஸ் பார்க்காமல் வாங்குவது

பெங்களூருவில் நாலாயிரம் குறைவாகக் கிடைக்கிறதென்றால், இந்திய வாரண்டி உள்ள சரக்கா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வந்ததற்கு இங்கே சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும். போலியும் ஏராளம். டப்பாவிலோ பொருளிலோ பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். பெயர் பொருந்தவில்லையா, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்குமுன் பிராண்டின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள், தர்மபுரிக்கு 636701, கிருஷ்ணகிரிக்கு 635001. வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்களா, சேலத்துக்கோ பெங்களூருக்கோ நாமே தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

மெத்தை கிடைக்குமா என்று கேட்காதது

தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் செயற்கைத் தோல் சீக்கிரமே செதில் செதிலாக உரியும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், தோல் வெடிக்கும். மாற்று மெத்தையை அதே கம்பெனி விற்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வேறு ஆள் செய்த மெத்தை இரண்டு மில்லிமீட்டர் தடிமன் மாறினாலே உள்ளிருக்கும் காற்றின் அளவு மாறி, ஏ.என்.சி.யின் கணக்கு தவறும்.

சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்கு ஓடுவது

இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சில மலிவு மாடல்கள் சார்ஜ் ஆகாது, உள்ளே வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய சார்ஜரில், ஒரு முனை தட்டையான கேபிளைப் போட்டுப் பாருங்கள். மாங்காய் சீசன் வெயிலில் கார் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் முழுதாக இறங்கவிடாமல், பாதி சார்ஜில் பெட்டிக்குள் வையுங்கள்.