கேஸா, இண்டக்‌ஷனா? உங்கள் வீட்டுக்கு எது மலிவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்

கோலாலம்பூரில் யாரும் குளிருக்காக வீட்டைச் சூடாக்குவதில்லை. நமக்குச் சூடு என்றால் அடுப்பும் குளியலறைத் தண்ணீரும்தான். அதில் அடுப்பைப் பற்றித்தான் ஓயாத வாக்குவாதம். இண்டக்‌ஷன்தான் மிச்சம் என்பார் ஒருவர். கேஸை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு எது என்று பார்க்க ஒரு கரண்ட் பில்லும் போன் கால்குலேட்டரும் போதும்.

முதல் படி: கேஸ் தோம்பு (சிலிண்டர்) எத்தனை நாள் வருகிறது?

புதுத் தோம்பு மாட்டிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தீரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லையா? குளியலறைத் தராசில் தோம்பை நிறுத்துப் பாருங்கள். அதன் மேல்பகுதியில் காலி எடை பொறித்திருக்கும். அதைக் கழித்தால் மீதமிருக்கும் கேஸின் எடை. இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுத்தால் எவ்வளவு எரிகிறது என்று தெரிந்துவிடும்.

விலை நமக்கே தெரியும். கிலோ 1 வெள்ளி 90 சென் என்பது அரசாங்கக் கட்டுப்பாட்டு விலை. 14 கிலோ தோம்பு 26.60 வெள்ளி. கடைக்காரர் மாடிக்குத் தூக்கி வந்தால் கூலி தனி, அதை மறக்காமல் சேருங்கள். ஒரு தோம்பு இரண்டு மாதம் வந்தால் கூலி நீங்கலாக மாதம் 13.30.

இரண்டாம் படி: அதே சமையலுக்கு எத்தனை யூனிட்?

பலரும் சறுக்குவது இங்கேதான். தோம்பு விலையையும் யூனிட் விலையையும் நேராக ஒப்பிட முடியாது. பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு போகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட், அதாவது கிலோவாட் மணி, வெப்பம் இருக்கிறது. 14 கிலோவுக்கு 180 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேஸ் அடுப்பில் பாதிக்கும் மேல் பாத்திரத்தின் ஓரமாகத் தப்பி அடுக்களையைத்தான் சூடாக்கும். பாத்திரத்துக்குப் போவது 45 விழுக்காடு என்று எடுத்துக்கொள்கிறேன். இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் 85 விழுக்காடு வரை போகும். கணக்குப் போட்டால் ஒரு தோம்பு செய்யும் வேலையை இண்டக்‌ஷன் 95 யூனிட்டில் முடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தோம்பு என்றால் மாதம் 48 யூனிட்.

மூன்றாம் படி: அந்த 48 யூனிட் உங்கள் பில்லை எவ்வளவு ஏற்றும்?

2025 ஜூலையிலிருந்து மின்சார நிறுவனமான தெனாகாவின் கட்டணம் மாறியிருக்கிறது. மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்தி 27.03, கொள்ளளவு 4.55, கட்டமைப்பு 12.85, மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து சிக்கனமாக இருப்பவர்களுக்குக் கழிவு உண்டு. மாதம் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென், 250 வரை 24.5, 300 வரை 22.5, 350 வரை 21. அப்புறம் சரசரவென்று இறங்கும்: 400 வரை 17, 450 வரை 14.5. ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழு பில்லுக்குமே கழிவு குறைந்துவிடுகிறது. எனவே சராசரி யூனிட் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பழைய பில், புதிய பில் இரண்டையும் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

செந்தூலில் ஏர்கோன் இல்லாத சின்ன ப்ளாட், மாதம் 180 யூனிட் என்று வைப்போம். 44.43-இல் 25 சென் கழிவு போக யூனிட்டுக்கு 19.43 சென். 180 × 19.43 சென் = 34.97 வெள்ளி. இண்டக்‌ஷன் வந்தால் 228 யூனிட். 228 × 19.93 = 45.44. கூடுதல் 10.47 வெள்ளி. கேஸுக்கு 13.30. இண்டக்‌ஷன் ஜெயித்துவிட்டது, தோம்பு தூக்கும் கூலியும் மிச்சம்.

அதே சமையல், ஆனால் இரண்டு அறையில் ஏர்கோன் ஓடும் வீடு, 380 யூனிட். 380 × 27.43 = 104.23. இண்டக்‌ஷனோடு 428 × 29.93 = 128.10. கூடுதல் கிட்டத்தட்ட 24 வெள்ளி! இந்த வீட்டுக்காரர் கேஸை விட்டால் நஷ்டம். 300 யூனிட்டுக்கு மேல் போகும் பில்லில் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியும் சேரும். 600-ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வேறு.

வெயில் கொளுத்தும் மாதத்தின் பில்லை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மழை மாத பில்லை வைத்து முடிவு செய்தால் ஏர்கோன் காலத்தில் கணக்கு புரண்டுவிடும்.

குளியலறை ஹீட்டருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 3.6 கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். நாலு பேர் தினம் ஒரு முறை குளித்தால் மாதம் 72 யூனிட். இது அடுப்பை விட அதிகம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டனைக் குறைத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இண்டக்‌ஷன்தான் என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத அலுமினியச் சட்டி அதில் சூடாகாது. இரும்புத் தோசைக்கல் ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். அப்புறம், அடுப்பை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டாம்.